சொல்லி முடிக்கட்டும்

அத்தியாயம் 11

அக்காவும் தங்கையும் பேசி எட்டு மாதமாகிறது என்பது போன வாரம்வரை கூடவே வந்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டே வரி. அக்கா பள்ளிக்கூட டீச்சர். தங்கை ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் குறை கேட்பவள். அம்மா போன பிறகு, பதினோரு வயதுத் தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் பத்தொன்பது வயது அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரே ஒரு போன், அத்தோடு பேச்சு நின்றுபோயிற்று. இரண்டு வரி என்று சொல்லிவிட்டு நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவள் பழக்கம் நமக்கும் ஒட்டிக்கொள்கிறது.

"நான் பேசிட்டிருக்கும்போதே போனை வெச்சுட்டா" என்பது பெரியவளின் கட்சி. சின்னவளின் கட்சி என்னவென்று யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் பெரியவள் மனதுக்குள் கிடந்து தவிப்பது அவள் கணவருக்குத் தெரியும். தினமும் காலையில் போனை எடுப்பாள். தங்கைக்கு நீளமாக ஒரு செய்தி எழுதுவாள். படித்துப் பார்ப்பாள், பிறகு முழுவதையும் அழித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள். எட்டு மாதத்தில் ஒன்றுகூட அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. தங்கை திரும்பப் பேசினால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்ற நிலைக்கு அவள் வந்து வெகுநாள் ஆகிவிட்டது. முதலில் யார் வாயைத் திறப்பது என்பதில்தான் எல்லாம் நின்றது.

இந்த வியாழக்கிழமை காலை வீடு இரண்டுபட்டது. கூடத்து மேஜை முழுக்க சார்ட் தாள். டீச்சர் ஒரு கையில் ஸ்கெட்ச் பேனாவும் மறு கையில் ஆறிப்போன டீயுமாக நின்றாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேசவும் கேட்கவும் பழக்க வாரம் ஒரு பீரியட் வேண்டுமென்று தலைமையாசிரியையிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தாள். அந்தப் பீரியட் மேல் கணக்கு டீச்சருக்கு ஒரு கண். "பசங்களுக்குப் பேச வேற சொல்லிக் கொடுக்கணுமா? வாயை மூட வைக்கவே நமக்கு நேரம் பத்தல" என்று ஆசிரியர்கள் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதற்காகத்தான் இன்று தலைமையாசிரியையே வகுப்பில் வந்து உட்காரப் போகிறார்.

விருந்தினராக வானொலி அறிவிப்பாளர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. காலை ஏழேகாலுக்கு அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டதாம், குரலே எழும்பவில்லையாம்.

"இன்னிக்குன்னு பாத்தா கட்டணும்?" என்று ஆரம்பித்தவள் பத்து நிமிடம் ஓயவில்லை. அந்தத் தொண்டையை, அதற்குமுன் குடித்த ஐஸ் தண்ணீரை, தன் தலையெழுத்தை, எல்லாவற்றையும் ஒரு வாங்கு வாங்கினாள்.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்தே அவருக்குப் பொறுமை வந்துவிட்டது. மனைவி தொண்டையைத் திட்டிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் அவர் பால்கனிக்குப் போய் ஒரு போன் பேசிவிட்டு வந்தார்.

"வேற ஆள் கிடைச்சாச்சு டீச்சரம்மா."

"அப்பாடா! யாரு?"

"தினமும் நூறு பேரோட குறையக் காதுல வாங்கற ஆளு. மூணாவது பீரியடுக்கு வர்றேன்னு..."

"வர்றாங்கல்ல, அது போதும். நல்லாப் பேசுவாங்களா?"

"நல்லாக் கேப்பாங்க. அது யாருன்னா..."

"யாரா இருந்தா என்னங்க, ஆபத்துக்கு உதவறாங்களே! ஸ்டேப்ளரை எங்க வெச்சீங்க?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். நம் டீச்சர் ஸ்டேப்ளரைத் தேடினாள். கணவர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். ஸ்டேப்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். இத்தனைக்கும் அவள் மடித்து எடுத்துப்போன சார்ட்டில் முதல் விதி என்ன தெரியுமா? 'சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.'

* * *

ஏழாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். எல்லாருக்கும் பன்னிரண்டு வயது, அந்த வயதுக்குரிய வாய். ஆறு மாதத்துக்கு முன்னால் இந்த வகுப்பில் ஒருவர் பேசினால் நான்கு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள், ஒன்றுக்கும் கேள்விக்கும் சம்பந்தமிருக்காது.

இப்போது அப்படி இல்லை. வகுப்பின் முன்னால் ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, நடுவில் அலுவலக அறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பழைய டெலிபோன். அதற்குக் குறை மேஜை என்று பெயர். ஒருவர் குறை சொல்ல வேண்டும். என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, எனக்கு என்ன வேண்டும், இந்த மூன்றும் அந்த வரிசையில் வர வேண்டும். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்காமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "அதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே பதில் பேசலாம். நடுவில் குறுக்கிட்டால் வகுப்பே டெஸ்க்கில் இரண்டு தட்டு தட்டும்.

நான்காவதாக ஒரு விதி உண்டு. முதல் வாரம் ஒரு பையன் தன் வீட்டு மொட்டை மாடியில் விமானம் இறங்கிவிட்டதாகக் குறை சொல்லி வகுப்பைக் கலகலப்பாக்கிவிட்டான். அன்றைக்கே டீச்சர் சிவப்பு மையில் எழுதினாள்: 'நிஜமான குறை மட்டும்.' எழுதியது அவள் கைதான், மறந்துவிடாதீர்கள்.

தலைமையாசிரியை கடைசி பெஞ்சில், கால் நீட்ட இடமில்லாமல், ஒரு நோட்டுடன் உட்கார்ந்தார். முன்னால் முதல் ஜோடி. குறை சொன்னவன் வகுப்பிலேயே உயரமானவன், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். கேட்டவள் எதற்கெடுத்தாலும் வாதாடும் பெண். அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"ஒண்ணாங்கிளாஸ்லேருந்து என்னைக் கடைசி பெஞ்சுலயேதான் உக்கார வைக்கறாங்க" என்றான் நெட்டை. "முன்னால நடக்கறது எதுலயும் நான் இல்லாத மாதிரி இருக்கு. ஒரே ஒரு வாரம் முதல் பெஞ்சுல உக்காரணும்."

"நீ உயரமா இருக்கறது உனக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள் வக்கீல்.

"இல்ல. உயரம் எனக்குப் பிடிச்சிருக்கு. கடைசி பெஞ்சுதான் கஷ்டம்."

வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுபடி சொன்னாள். "உன்னை எப்பவும் பின்னாலயே உக்கார வெச்சதால, நீ வகுப்புலயே இல்லாத மாதிரி இருக்கு. ஒரு வாரம் முன்னால வரணும்."

"அதுதான்!" என்றான் நெட்டை. அவன் முகம் மலர்ந்துவிட்டது. முன் பெஞ்சு இன்னும் கிடைக்கவில்லை, தன்னை ஒருத்தி சரியாகப் புரிந்துகொண்டாள் என்பதே அவனுக்குப் போதுமாயிருந்தது. பின்னால் தலைமையாசிரியை ஏதோ எழுதினார். டீச்சருக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

அப்போதுதான் வாசலில் ஒரு குரல்.

"உள்ள வரலாமா டீச்சர்?"

எட்டு மாதமாகக் கேட்காத குரல். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, தோளில் ஒரு கைப்பை, இழுத்துக் கட்டிய முடி. கொஞ்சம் இளைத்திருந்தாள். டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. தினமும் நூறு பேரோட குறையக் காதுல வாங்கற ஆளு, தினமும் நூறு பேரோட குறையக் காதுல வாங்கற ஆளு! கணவர் சொன்னது அவளுக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.

முப்பத்தெட்டு ஜோடிக் கண், பின்னால் தலைமையாசிரியை. ஓடவும் முடியாது, அழவும் முடியாது. "வாங்க" என்றாள் பெரியவள். தூக்கி வளர்த்த பெண்ணை வாங்க போங்க என்று கூப்பிட வேண்டிய நாளும் வந்தது.

சின்னவள் குறை மேஜைப் பக்கத்தில் நின்றுகொண்டு தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். ஒருநாள் ஒரு பெரியவர் போன் பண்ணி, மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறவில்லை என்று பதினோரு நிமிடம் மூச்சு விடாமல் கத்தினாராம். கடைசியில் "நீ ரொம்ப நல்லாப் பேசறம்மா" என்று பாராட்டிவிட்டு வைத்தாராம். "நான் பேசினது மொத்தமா ஆறு வார்த்தை" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"அவங்க கத்தும்போது உங்களுக்குக் கோவம் வராதா?" நெட்டை கேட்டான்.

"வரும். பக்கத்துல ஒரு நோட்டு வெச்சிருப்பேன். பதிலுக்குச் சொல்லணும்னு நாக்கு துடிக்கறதையெல்லாம் அதுல எழுதிடுவேன். அவங்க முடிச்சப்புறம் எடுத்துப் பாத்தா, முக்கால்வாசி தேவையே இருக்காது."

"இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"பேச ஒருத்தங்க சொல்லிக் கொடுத்தாங்க. சின்ன வயசுலயே, கண்ணாடி முன்னால நிக்க வெச்சு. கேக்கறதை மட்டும் நானாத்தான் கத்துக்க வேண்டியிருந்துது."

சுருக்கென்றது பெரியவளுக்கு. சார்ட்டைச் சரிசெய்வதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வகுப்பில் ஒரு பெண்ணுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். மனதில் பட்டது உடனே ஒலிபரப்பாகிவிடும். "டீச்சர், இவங்க மூக்கும் உங்க மூக்கும் ஒரே அச்சு!" என்றாள் சத்தமாக.

"வகுப்புல யார் மூக்கைப் பத்தியும் பேசக் கூடாது" என்றாள் டீச்சர்.

வக்கீல் கையைத் தூக்கினாள். "டீச்சர், எப்பப் பாத்தாலும் நாங்கதான் குறை மேஜையில உக்காரறோம். நீங்களும் இவங்களும் செஞ்சு காட்டினா என்ன?"

"நேரமில்ல."

"இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு டீச்சர்" என்றார் தலைமையாசிரியை, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

மாட்டிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவசரமாக, "சரி, மெஷின்ல தண்ணி போகலைன்னு வெச்சுக்குவோம்..." என்று ஆரம்பித்தாள்.

தட் தட்!

"நாலாவது விதி டீச்சர்!" நாலு மூலையிலிருந்தும் குரல். "நிஜமான குறை!"

சின்னவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு நிஜமான குறை இருக்கு" என்றாள். "சொல்லலாமா?"

வேண்டாம் என்று சொல்ல டீச்சருக்கு வழியில்லை. தலையை ஆட்டினாள்.

"எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவங்க ஒருத்தங்களுக்கு போன் பண்ணினேன். சொல்ல வேண்டியதையெல்லாம் முதல் நாளே ஒரு தாள்ல எழுதி, கண்ணாடி முன்னால நாலு தடவை சொல்லிப் பாத்துட்டுத்தான் பண்ணினேன். முதல் வரி, 'நான் இருக்கற இந்த வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு வேற இடம் போறேன்'. அதை மட்டும்தான் சொன்னேன். அப்புறம் இருபத்து மூணு நிமிஷம் அவங்கதான் பேசினாங்க."

"உங்க நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பாங்க..."

தட் தட்!

முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தட்டினார்கள். டெலிபோன்கூட மேஜைமேல் அதிர்ந்தது. டீச்சர் உதட்டை மடித்துக்கொண்டாள்.

"எனக்கு எப்படி இருந்துதுன்னா" என்று சின்னவள் தொடர்ந்தாள். குரல் அப்படியேதான் இருந்தது, கைப்பையின் வாரை மட்டும் விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. "அவங்களுக்கு நான் இன்னும் பதினோரு வயசுப் பொண்ணுதான்னு இருந்துது. கடைசியா, 'உன்னை வளத்ததுக்கு இதுதான் பலனா'ன்னு கேட்டாங்க. அப்பத்தான் போனை வெச்சேன். திமிர்ல வெக்கல. அதுக்கு மேல கேக்க முடியல, வெச்சுட்டேன்."

அப்படி ஒரு வார்த்தை சொன்னோமா? எட்டு மாதமாக அந்தப் பேச்சை மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறாள் பெரியவள். அதில் தங்கை போனை வைத்த இடம் ஒவ்வொரு முறையும் வந்தது. இந்த வரி ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் கேட்டதுமே தெரிந்துவிட்டது, சொன்னது தன் வாய்தான்.

"எனக்கு என்ன வேணும்னா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்தத் தாள்ல மீதி இருக்கறதை நான் சொல்லி முடிக்கணும். யாரும் குறுக்க பேசாம."

வகுப்பு டீச்சரைப் பார்த்தது. இப்போது திருப்பிச் சொல்ல வேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நீங்க திடீர்னு வீட்டைக் காலி பண்றேன்னு சொன்னதும் அவங்க பதறிட்டாங்க. அந்தப் பதட்டத்துல..."

"இல்ல" என்றாள் சின்னவள். "அது அவங்களோட குறை. நான் சொன்னது என்னோடது."

நெட்டை 'எனக்கும் இப்படித்தான் ஆச்சு' என்பதுபோல் பக்கத்துப் பையனைப் பார்த்துத் தலையாட்டினான். டீச்சர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். வாரா வாரம் இந்தப் பிள்ளைகளிடம் அவள் சொல்வது ஒன்றுதான். நீ என்ன பதில் சொல்லப் போறேங்கறதை ஓரமா வை, அவங்க சொன்னதை மட்டும் எடு. சொல்வது எவ்வளவு சுலபம், செய்வது எவ்வளவு கஷ்டம் என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதைச் செய்திருக்கிறார்கள். நினைக்கவே அவளுக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது.

"நீங்க ஒரு விஷயம் சொல்றதுக்காக, முதல் நாளே எழுதி வெச்சு, சொல்லிப் பாத்துட்டு போன் பண்ணினீங்க" என்றாள் மெதுவாக. "ஒரு வரிதான் சொல்ல முடிஞ்சுது. மீதிய அவங்க கேக்கல. உங்களை வளந்த மனுஷியா நினைச்சுப் பேசல. சொல்லக் கூடாத ஒரு வார்த்தையும் சொல்லிட்டாங்க. நீங்க திமிர்ல வெக்கல, அதுக்கு மேல கேக்க முடியாமத்தான் வெச்சீங்க. இப்ப மீதிய சொல்லி முடிக்கணும். அவங்க கேக்கணும்." நிறுத்தினாள். "நான் கேக்கணும். அன்னிக்கு நான்தான் உன்னைச் சொல்ல விடல."

சின்னவளின் விரல்கள் கைப்பை வாரை விட்டன.

"அதுதான்" என்றாள். "அதுதான்க்கா."

முப்பத்தெட்டு வாயும் ஒரே நேரத்தில் மூடியிருந்ததை அந்தப் பள்ளிக்கூடம் அன்றுதான் பார்த்தது. அதை முதலில் உடைத்தவள், வேறு யார், ரேடியோதான்.

"அக்காவா! மூக்கைப் பாத்தப்பவே நான் சொன்னேனா இல்லையா?"

அவ்வளவுதான், அணை உடைந்ததுபோல் வகுப்பு சிரித்தது. சிரித்துக்கொண்டே பெரியவள் கண்ணைத் துடைத்தாள், துடைத்த கையில் இருந்த சாக்பீஸ் மாவெல்லாம் கன்னத்தில். வக்கீலுக்கு மட்டும் வேலை முடியவில்லை. எழுந்து நின்று, "டீச்சர், அவங்க 'அதுதான்'னு சொல்லிட்டாங்க. இனிமே உங்க முறை. நீங்க பேசலாம்" என்று விதியை நினைவூட்டினாள்.

எட்டு மாதம் எழுதி எழுதி அழித்தவளுக்கு எத்தனை பதில் இருந்திருக்கும்! ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"எனக்குப் பேச ஒண்ணுமில்ல" என்றாள். "சாயந்திரம் வீட்டுக்கு வர்றியா? மீதிய நான் கேக்கணும்."

"அந்தத் தாளையும் கொண்டுவந்திருக்கேன்" என்று சின்னவள் கைப்பையைத் தட்டிக் காட்டினாள்.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் குறை மேஜையைச் சுற்றி முன்னால் வந்து பிள்ளைகளைப் பார்த்து நின்றாள். "உங்க எல்லாருக்கும் நன்றி" என்றாள். "முக்கியமா, தட்டினதுக்கு. நீங்க தட்டலேன்னா நான் இன்னிக்கும் பேசிட்டே இருந்திருப்பேன்." பிறகு நெட்டையைப் பார்த்தாள். "நீ திங்கட்கிழமையிலேருந்து முதல் பெஞ்சு."

வராந்தாவில் தலைமையாசிரியை காத்திருந்தார். வீட்டுக் கதையை வகுப்புக்குக் கொண்டுவந்ததற்குத் திட்டு விழும் என்றே டீச்சர் நினைத்தாள்.

"வியாழக்கிழமை மூணாவது பீரியட் உங்களோடதுதான்" என்றார் அவர். "கணக்கு டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கறேன்." இரண்டு எட்டு நடந்தவர் திரும்பினார். "இல்ல. முதல்ல அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கறேன். அப்புறம் சொல்லிக்கறேன்."

* * *

சாயந்திரம் கணவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். வந்தவர் டிவியின் பிளக்கைப் பிடுங்கினார், மூன்று பேருக்கும் டீ போட்டார்.

"யாருன்னு காலையிலயே சொல்லியிருக்கலாமே நீங்க!" என்று பாய்ந்தாள் பெரியவள்.

"சொல்ல வந்தேன். ரெண்டு தடவை. நீ ஸ்டேப்ளர் கேட்டே."

பெரியவளுக்கு முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க" என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். "இனிமே நீங்க சொல்லி முடிக்கற வரைக்கும் இருக்கேன்."

"முயற்சி பண்ணு, போதும்" என்றார் அவர். மனிதர் ஆசையை அளவோடு வைத்திருப்பவர்.

சின்னவள் வந்தாள். எட்டு மாதத்துக்கு முன்பு எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து எடுத்த தாள், மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. மேலே, 'அக்காவுக்கு நன்றி' என்று தலைப்பு. கீழே ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தாள்.

"முதல் வரிதான் உனக்குத் தெரியுமே, வீடு மாத்தறேன்கறது. இது மீதி" என்றாள். "ஒண்ணு. அம்மா போனப்புறம் என் ஸ்கூல்ல பெத்தவங்க கூட்டம். பத்தொன்பது வயசுப் பொண்ணை யாரும் மதிக்க மாட்டாங்கன்னு, நீ அம்மாவோட மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்தே. கண்ணு தெரியாம ரெண்டு படியில தடுக்கி விழுந்தே. கழட்டவே இல்ல. அதுக்கு நன்றி."

"அந்தக் கண்ணாடி..." என்று பெரியவள் வாயைத் திறந்தாள்.

தட் தட்.

கணவர்தான். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மேஜையில் இரண்டு விரலால் தட்டினார். பெரியவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, உன் பரீட்சைப் புத்தகத்தை எனக்குக் கதை மாதிரி வாசிச்சுக் காட்டினே. ஆசிரியர் பயிற்சிப் பாடத்தைக் கேட்டுத் தூங்கின ஒரே குழந்தை நான்தான். அதுக்கு நன்றி. மூணு. பேச்சுப் போட்டியில நான் மறந்துபோய் நின்னப்ப, கடைசி வரிசையிலேருந்து நீ உதட்டை மட்டும் அசைச்சு எடுத்துக் கொடுத்தே..."

நான்காவது வந்தது, ஐந்தாவது வந்தது. பெரியவள் மறந்தே போனவற்றையெல்லாம் அந்தப் பெண் பத்திரமாக வைத்திருந்தாள். எப்போதும் வாயில் தயாராக நிற்கும் 'அதுக்கென்ன இப்போ' என்பதைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள், கண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"ஆறு" என்றாள் சின்னவள். "இதைச் சொல்லத்தான்க்கா அன்னிக்கு போனே பண்ணினேன். ஆபீஸ்ல குறை கேக்கறதோட எனக்குப் பயிற்சி கொடுக்கற வேலையும் கிடைச்சுது. புதுசா சேர்றவங்களுக்குக் குறை கேக்கக் கத்துக் கொடுக்கணும். பயிற்சி கொடுக்கற ஆபீஸ் ஊரோட அந்தக் கோடியில இருக்கு. அதனாலதான் வீடு மாத்தினேன், வேற எதுக்கும் இல்ல." தாளைத் தாழ்த்தி அக்காவைப் பார்த்தாள். "நானும் உன்ன மாதிரி டீச்சர் ஆயிட்டேன்க்கா. உன்னாலதான். அதுக்கு நன்றி."

இதைத்தான், இதைத்தான் அன்றைக்கு இருபத்து மூன்று நிமிடம் பேசிப் பேசி நிறுத்தியிருக்கிறாள்! பெரியவள் எழுந்துபோய்த் தங்கையைக் கட்டிக்கொண்டாள். அம்மா போன நாளிலிருந்து தான் செய்ததெல்லாம் எங்கும் போகவில்லை, ஆறு எண்ணாக இந்தத் தாளில் இருக்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. தங்கைக்கும், அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும், பிளக்கைப் பிடுங்கிய மனிதருக்கும், ஏன், கட்டிப்போன அந்தத் தொண்டைக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

கட்டிக்கொண்டிருந்த தோளுக்கு மேலாக, தாள் அவள் கண்ணில் பட்டது. அடியில் ஏழு என்று ஒரு எண். அதற்கெதிரே ஒரு வரி. மற்றதெல்லாம் நீலத்தில் இருக்க, அது மட்டும் கறுப்பு மையில்.

சின்னவள் சட்டென்று தாளை மடித்துவிட்டாள்.

"ஏழாவது அப்ப எழுதினது இல்ல. போன மாசம் சேத்தது. அதை நான் மட்டும் சொல்லக் கூடாது." ஒரு நொடி தரையைப் பார்த்தாள். காது நுனி சிவந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றேன்க்கா. தனியா இல்ல."

பெரியவளின் வாய் திறந்தது. யாரு, என்ன வேலை, எந்த வீடு, எத்தனை நாளா, எங்கிட்ட ஏன் சொல்லல, எல்லாம் நாக்கு நுனியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. கணவரின் இரண்டு விரலும் மேஜைக்கு மேலே எழுந்தன.

தட்ட வேண்டியிருக்கவில்லை. பெரியவள் வாயை மூடினாள். எச்சிலை விழுங்கினாள். பிறகு, அந்த முப்பத்தெட்டுப் பேரும் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல், நிதானமாகத் திருப்பிச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றே. தனியா இல்ல."

"அதுதான்க்கா" என்றாள் சின்னவள்.